பையன் இன்னும் பேசலையா?

என் மகனுக்கு 2 வயது முடிந்த அன்று வீட்டுக்கு வந்தவர்களில் ஏழெட்டுப் பேராவது இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பார்கள். கேக் வெட்டும்போது ஒருவர், இலையில் உட்காரும்போது ஒருவர், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பும்போதுகூட ஒருவர். "இப்பதான் ஒண்ணொண்ணா சொல்றான்" என்று ஒவ்வொரு தடவையும் சமாளித்தேன். ராத்திரி எல்லோரும் போன பிறகு ஒரு நோட்டை எடுத்து, அவன் சொல்கிற வார்த்தைகளை வரிசையாக எழுதிப் பார்த்தேன். 14 வந்தது. அதில் இரண்டு எனக்கே சந்தேகம்.

நாங்கள் இருப்பது ஓசூரில். எனக்குத் தென்காசிப் பக்கம், வீட்டுக்காரர் குடும்பம் பல தலைமுறையாக இங்கேயே இருக்கிற தெலுங்குக் குடும்பம். அதனால் பையனுக்கு என் அம்மா ஆச்சி, என் மாமியார் அவ்வா. நான் அவனிடம் பேசுவது தமிழ், அவ்வா பேசுவது தெலுங்கு, அவன் அப்பா இரண்டும். காய் வாங்கப் போனால் கன்னடமும் காதில் விழும். ஓசூரில் இது யாருக்கும் புதுசு இல்லை. ஆனால் பிள்ளை பேசுவது தள்ளிப்போனதும் எல்லோருக்கும் முதலில் கண்ணில் பட்டது அதுதான். "ரெண்டு பாஷை பேசினா குழந்தை குழம்பிப் போயிடும், ஒண்ணை நிறுத்துங்க, முடிஞ்சா இங்கிலீஷ்லயே பேசுங்க, ஸ்கூலுக்கும் உதவும்" என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். நாங்கள் வழக்கமாகப் பார்க்கும் குழந்தை மருத்துவர், "ஆம்பளைப் பசங்க லேட்டாத்தான் பேசுவாங்க, மூணு வயசு வரைக்கும் பாக்கலாம்" என்றார். இரண்டுமே தவறான யோசனை என்று இப்போது தெரிகிறது. அப்போது தெரியவில்லை.

அப்போது நான் செய்தது என்னவென்றால், ஆன்லைனில் 200 அட்டை கொண்ட ஒரு ஃப்ளாஷ் கார்டு செட் வாங்கினேன், சாப்பாடு ஊட்டும்போது போனில் ரைம்ஸ் போட்டேன், மீதி நேரமெல்லாம் "சொல்லு, ஆப்பிள் சொல்லு, சொல்லு கண்ணா" என்று அவன் பின்னாலேயே போனேன். அவன் என்னைக் கண்டால் அட்டைதான் வரப்போகிறது என்று முகத்தைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தான். அந்த நாட்களை நினைத்தால் எனக்கு இன்னும் வலிக்கிறது.

அலுவலகத் தோழி ஒருத்தி சொல்லித்தான் ஸ்பீச் தெரபிஸ்ட்டிடம் போனோம். அவர் பையனைப் பற்றி ஒன்றுமே கேட்பதற்கு முன்னால், "காது டெஸ்ட் பண்ணியிருக்கீங்களா?" என்றார். கதவு சத்தம் கேட்டால் திரும்புகிறான், கூப்பிட்டால் வருகிறான் என்று சொன்னேன். அது போதாது என்றார். கதவு சாத்துகிற சத்தமும் பைக் சத்தமும் கேட்கிற பிள்ளைக்கு, ச, த மாதிரி மெல்லிய ஒலிகள் சரியாகக் கேட்காமல் இருக்கலாமாம். சளி அடிக்கடி பிடிக்கிற குழந்தைகளுக்கு நடுக்காதில் நீர் கோத்துக்கொண்டு, கொஞ்ச நாள் கேட்டும் கொஞ்ச நாள் மங்கியும் இருக்குமாம். பையனைத் தூங்க வைத்து, தலையில் வயர் ஒட்டி, பெரா என்று, ஒலி கேட்டதும் மூளை எப்படிப் பதில் தருகிறது என்று பார்க்கும் ஒரு பரிசோதனை எடுத்தார்கள். அந்த அரைமணி நேரம் நான் மூச்சு விட்டதே ஞாபகம் இல்லை. காது நன்றாக இருந்தது. இதைப் படிக்கிற யாருக்காவது பிள்ளை பேசவில்லை என்ற கவலை இருந்தால், வேறு எதைச் செய்வதற்கும் முன்னால் இதைச் செய்துவிடுங்கள். கேட்காத பிள்ளையிடம் "சொல்லு, சொல்லு" என்று மாதக்கணக்கில் மல்லுக்கட்டிய பெற்றோர்களை அந்த வராண்டாவிலேயே பார்த்தேன்.

அப்புறம்தான் நோட்டைக் காட்டினேன். அவர் படித்துவிட்டு, "தெலுங்கு வார்த்தை எங்கே?" என்றார். நான் எழுதவில்லை. அவன் அவ்வாவிடம் 'பாலு' என்பான், 'வத்து' என்பான் (வேண்டாம் என்று அர்த்தம்), அது எல்லாம் கணக்கில் வராது என்று நானே முடிவு செய்திருந்தேன். மாட்டைக் காட்டி "ம்ம்மா" என்பதையும் விட்டிருந்தேன். தண்ணீருக்கு "ண்ணி" என்பதையும் அரைகுறை என்று விட்டிருந்தேன். அவர் சொன்ன விதி எளிமையானது: ஒரே பொருளுக்கு ஒரே ஒலியைத் தொடர்ந்து சொன்னால், அது எவ்வளவு உடைந்திருந்தாலும், எந்த மொழியாக இருந்தாலும் வார்த்தைதான். உட்கார்ந்து மறுபடி எண்ணினோம். 31.

பின்னால் நான் தேடிப் படித்தபோது, 1993-இல் பார்பரா பியர்சனும் அவருடைய குழுவும் மயாமியில் ஸ்பானிஷும் ஆங்கிலமும் கேட்டு வளரும் குழந்தைகளிடம் செய்த ஆய்வு கண்ணில் பட்டது. ஒரு மொழியை மட்டும் எண்ணினால் இருமொழிக் குழந்தை பின்தங்கியது போலத் தெரியும், இரண்டையும் சேர்த்து எண்ணினால் மற்ற குழந்தைகளுக்குச் சமமாக நிற்கும். எங்கள் நோட்டில் நடந்ததும் அதேதான். இரண்டு மொழி பேசுவதால் பேச்சுத் தாமதம் வராது என்பதில் இந்தத் துறையில் இன்று பெரிய சந்தேகம் இல்லை. நாங்கள் அந்தப் பக்கத்து வீட்டு யோசனையைக் கேட்டுத் தெலுங்கை நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பகல் முழுக்கப் பையனோடு இருக்கிற அவ்வாவின் வாயைக் கட்டிப்போட்டிருப்போம். அவன் வாயிலிருந்து வந்த வார்த்தைகளில் பாதி அவ்வா கொடுத்தவை.

31 என்றாலும் அது குறைவுதான். 2 வயதில் 50 வார்த்தை இல்லை என்றாலோ, இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசவில்லை என்றாலோ கவனிக்க வேண்டும் என்பது லெஸ்லி ரெஸ்கோர்லா என்ற அமெரிக்க உளவியலாளர் 1989-இல் வகுத்த அளவு, இன்றும் பல இடங்களில் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். இப்படித் தாமதமாகும் பிள்ளைகளில் நிறையப் பேர் தானாகவே எட்டிப்பிடித்துவிடுகிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் எந்தப் பிள்ளை எட்டிப்பிடிக்கும், எந்தப் பிள்ளைக்கு உதவி வேண்டும் என்று 2 வயதில் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாதே. அதனால்தான் "மூணு வயசு வரைக்கும் பாக்கலாம்" என்ற பேச்சு எனக்கு ஒப்பவில்லை. எங்களுக்குச் சாதகமாக இருந்த இரண்டு விஷயங்களை தெரபிஸ்ட் சொன்னார். சொல்வதைப் புரிந்துகொள்கிறான், விரலால் சுட்டிக் காட்டுகிறான். விரல் நீட்டுவதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். குழந்தை முதலில் எதைக் கையால் காட்டுகிறதோ, பெரும்பாலும் அதன் பெயர்தான் கொஞ்ச நாளில் வாயில் வரும் என்று ஜானா ஐவர்சனும் சூசன் கோல்டின்-மெடோவும் 2005-இல் காட்டியிருக்கிறார்கள்.

என்னை மாற்றியது இனி சொல்லப்போகும் விஷயம். வீட்டில் நானும் பையனும் விளையாடுவதைப் பத்து நிமிடம் போனில் வீடியோ எடுத்து வரச் சொன்னார் தெரபிஸ்ட். வீட்டுக்காரர் எடுத்தார். அடுத்த வாரம் மூன்று பேரும் உட்கார்ந்து பார்த்தோம்.

வீடியோவில் நான் தரையில் உட்கார்ந்திருக்கிறேன். கையில் ஆப்பிள் அட்டை. "இது என்ன? இது என்ன கண்ணா? ஆப்பிள். சொல்லு. என்ன கலர்? ரெட்டு. இது என்ன?" பையன் என் பக்கமே பார்க்கவில்லை. குப்புறப் படுத்துக்கொண்டு, டைல்ஸ் இடுக்கில் கன்னத்தை ஒட்டிவைத்து எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறான். ஒரு எறும்பு, ஒரு பிஸ்கட் துணுக்கை இழுத்துக்கொண்டு போகிறது. அவன் விரலை நீட்டி "ஆ!" என்று என்னைத் திரும்பிப் பார்க்கிறான். நான் அந்த நேரத்தில் அடுத்த அட்டையை எடுத்துக்கொண்டிருக்கிறேன். அவன் இன்னொரு தடவை "ஆ!" என்கிறான். நான் "இங்க பாரு, பனானா" என்கிறேன். அவன் திரும்பிக்கொள்கிறான். தெரபிஸ்ட் அங்கே வீடியோவை நிறுத்தினார். "பாருங்க, அவன் உங்ககிட்ட ரெண்டு தடவை பேசியிருக்கான்" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பிள்ளை பேசவில்லை பேசவில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேனே, அவன் பேசியதை நான் கேட்கவே இல்லையே.

1986-இல் மைக்கேல் டொமசெல்லோவும் ஜெஃப்ரி ஃபாரரும் 17 மாதக் குழந்தைகளுக்குப் புது வார்த்தைகளை இரண்டு விதமாகச் சொல்லிக் கொடுத்துப் பார்த்தார்கள். குழந்தை ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருக்கும் பொருளுக்குப் பெயர் சொல்வது ஒரு விதம், குழந்தையின் கவனத்தை வேறு பொருளுக்குத் திருப்பிப் பெயர் சொல்வது இன்னொரு விதம். முதல் விதத்தில்தான் வார்த்தை நன்றாக நின்றது. யோசித்தால் இது இயல்புதான். எறும்பைப் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு அந்த நிமிடம் வேண்டியது 'எறும்பு' என்ற சொல். ஆப்பிளின் பெயர் அவனுக்கு எதற்கு?

அன்று சாயங்காலம் அட்டைகளை எடுத்துப் பரணில் போட்டேன். அவனோடு குப்புறப் படுத்தேன். தரை குளிர்ந்தது, பக்கவாட்டில் பார்த்தால் டைல்ஸ் இடுக்கு ஒரு வாய்க்கால் மாதிரி தெரிந்தது. எறும்பு வந்தது. "எறும்பு" என்றேன், அவ்வளவுதான். அவன் என்னைப் பார்த்தான். வேறு எதுவும் சொல்லாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது தெரியுமா? மனசுக்குள் பத்து வரை எண்ணச் சொல்லியிருந்தார்கள். ஏழு எண்ணும்போது, "ம்பு" என்றான். "ஆமா, எறும்பு. எறும்பு போகுது" என்றேன். நோட்டில் 32-ஆவது வார்த்தை.

இந்தக் காத்திருப்பைப் பற்றித்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். நாம் பெரியவர்கள் ஒரு நொடி, இரண்டு நொடிக்குள் பதில் வரவில்லை என்றால் நாமே பதிலையும் சொல்லிவிடுகிறோம். பேசப் பழகும் பிள்ளைக்குச் சொன்னதைப் புரிந்துகொள்ளவும், வார்த்தையைத் தேடவும், வாயை அதற்கு ஏற்ற மாதிரி வைக்கவும் நேரம் வேண்டும். அந்த நேரத்தை நாம்தான் பறித்துக்கொள்கிறோம். செய்து பாருங்கள், ஒரு நாள் மட்டும். பிள்ளையின் கண் மட்டத்துக்கு இறங்கி உட்கார்ந்து, ஒன்று சொல்லிவிட்டு, பத்து எண்ணுங்கள். முகத்தில் எதிர்பார்ப்பு இருக்கட்டும், ஆனால் வாயைத் திறக்காதீர்கள்.

இதற்கு நடுவில் நான் இன்னொரு தவறும் செய்தேன். '3 கோடி வார்த்தை' என்று ஒரு விஷயம் பெற்றோர் குழுக்களில் சுற்றிக்கொண்டே இருக்கும், நீங்களும் பார்த்திருக்கலாம். பெட்டி ஹார்ட், டாட் ரிஸ்லி என்ற இருவர் அமெரிக்காவின் கான்சஸ் மாகாணத்தில் 42 குடும்பங்களுக்கு மாதம் ஒருமுறை போய், ஒரு மணி நேரப் பேச்சைப் பதிவு செய்து, இரண்டரை வருடம் தொடர்ந்து கவனித்து, 1995-இல் ஒரு புத்தகம் எழுதினார்கள். வசதியான வீட்டுப் பிள்ளைக்கும் வறுமையான வீட்டுப் பிள்ளைக்கும் இடையே, 4 வயதுக்குள் காதில் விழுகிற வார்த்தைகளில் 3 கோடி வித்தியாசம் வந்துவிடும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. அதைப் படித்ததும் எனக்குப் பதற்றம். ஆபீஸ் விட்டு வந்ததிலிருந்து தூங்கும் வரை கிரிக்கெட் வர்ணனை மாதிரி பேசிக்கொண்டே இருந்தேன். "அம்மா இப்ப வெங்காயம் நறுக்குறேன், அம்மா இப்ப அடுப்பைப் பத்த வைக்கிறேன்." தொண்டை கட்டியதுதான் மிச்சம். பையன் பாத்திரத்தை உருட்டிக்கொண்டு அவன் வேலையைப் பார்த்தான்.

அந்த ஆய்வைக் கொஞ்சம் உள்ளே போய்ப் படித்தால், 42 குடும்பங்களில் அரசு உதவித்தொகையில் வாழ்ந்த குடும்பங்கள் வெறும் 6. 2018-இல் டக்ளஸ் ஸ்பெரியும் அவர் குழுவினரும் வேறு 5 சமூகங்களின் பதிவுகளை எண்ணிப் பார்த்தபோது, அப்படி ஒரு ஏழை-பணக்காரப் பள்ளம் தெரியவில்லை, ஏழைகள் வாழும் இடங்களுக்குள்ளேயே ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இருந்தது. அதற்கு மறுப்பு எழுதியவர்களும் உண்டு. குழந்தையிடம் நேரடியாகப் பேசுவதுதான் முக்கியம், சுற்றி இருப்பவர்கள் பேசுவதை எல்லாம் சேர்த்து எண்ணக்கூடாது என்பது அவர்கள் வாதம். இந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. எனக்கு ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: ஏழை வீட்டில் பேச்சு இருக்காது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் தெருமுனையில் பூக்கட்டும் அக்கா, மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு நாள் முழுக்க அதனோடு பேசுகிறார், அது "ஊ" என்றால் அவரும் "ஊ" என்கிறார். அதைவிட நல்ல பேச்சுப் பயிற்சி எந்த அட்டையிலும் கிடையாது.

எனக்குத் தெளிவு கொடுத்தது 2018-இல் ரேச்சல் ரோமியோவும் மற்றவர்களும் வெளியிட்ட ஆய்வு. 4 முதல் 6 வயது வரையான 36 குழந்தைகளின் வீட்டுப் பேச்சைப் பதிவு செய்து, பிறகு அந்தக் குழந்தைகள் கதை கேட்கும்போது மூளையை ஸ்கேன் எடுத்தார்கள். பெரியவர்கள் மொத்தம் எத்தனை வார்த்தை பேசினார்கள் என்பதைவிட, பிள்ளையும் பெரியவரும் மாறி மாறி எத்தனை தடவை பேசிக்கொண்டார்கள் என்பதற்குத்தான் மூளையில் மொழி வேலை செய்யும் பகுதியோடு தொடர்பு இருந்தது. வீட்டு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இதுதான் நிலை. நீ ஒன்று, நான் ஒன்று, மறுபடி நீ ஒன்று. வர்ணனையை அன்றோடு நிறுத்தினேன்.

இதை எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒருவர் செய்துகொண்டுதான் இருந்தார். அது மார்கழி மாதம், எங்கள் பக்கம் அவரைக்காய் சீசன். ஊறவைத்த அவரைக் கொட்டையை விரலால் பிதுக்கித் தோலை எடுப்பார்கள், அந்தப் பிதுக்குப் பருப்பில் குழம்பு வைத்தால் தெருவே மணக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவ்வா முற்றத்தில் முறத்தோடு உட்கார்ந்து பிதுக்கிக்கொண்டிருந்தார். பையன் எதிரில். அவ்வா ஒரு பருப்பைப் பிதுக்கித் தட்டில் விழவைத்து "ஒக்கட்டி" என்றார். அடுத்ததைப் பிதுக்கி "ரெண்டு" என்றார். மூன்றாவது கொட்டை வழுக்கிக்கொண்டு போனது. அவ்வா அதைத் தேடிப் பிடித்துப் பிதுக்கும் வரை பேச்சு இல்லை. அந்த இடைவெளியில் பையன் "மூ!" என்றான். தெலுங்கு 'மூடு'வா, தமிழ் 'மூணு'வா, இன்று வரை தெரியாது. "மூடு! நா பங்காரு நாயனா" (என் தங்கமே என்று கொஞ்சுவது) என்று அவ்வா அந்தப் பருப்பை அவன் உள்ளங்கையில் வைத்தார். அவன் அதைத் தட்டில் போட்டுவிட்டு அடுத்ததுக்காக அவ்வாவின் முகத்தைப் பார்த்தான். ஒரு மணி நேரம் இப்படியே போனது. பள்ளிக்கூடம் போகாத அவ்வாவுக்கு எந்த ஆய்வும் தெரியாது. கை வேலையாக இருந்ததால் பேச்சு நிதானமாக வந்தது, நிதானமாக வந்ததால் பையனுக்கு இடம் கிடைத்தது. அதிலிருந்து கீரை ஆய்வது, துணி மடிப்பது, பூண்டு உரிப்பது எல்லாவற்றுக்கும் அவனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்கிறோம். வேலை இரட்டிப்பு நேரம் பிடிக்கும், பரவாயில்லை.

அவ்வாவோடு நடந்த இன்னொன்று. பையன் கையை நீட்டி "தா" என்பான். எனக்கு அது 'கொடு'. அவ்வாவின் தெலுங்கில் 'தா' என்றால் 'வா'. அவன் பந்தைக் கேட்டு "தா" என்றால் அவ்வா எழுந்து பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வார். அவன் கொஞ்ச நாள் திகைத்தான். பிறகு அவனாகவே அவ்வாவிடம் "பந்து" என்று பெயரைச் சொல்லிக் கேட்கப் பழகினான், என்னிடம் "தா"வே தொடர்ந்தது. யாரிடம் எது செல்லும் என்று 2 வயதுப் பிள்ளை பிரித்து வைத்துக்கொள்கிறது. இவனையா குழம்பிவிட்டான் என்றார்கள்?

குழந்தைகளின் காது எவ்வளவு கூர்மை என்பதற்கு ஒரு ஆய்வு எனக்கு மிகவும் பிடிக்கும், ஏனென்றால் அது நம் த, ட பற்றியது. கனடாவில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984-இல் வெளியிட்டது. இந்தியில் உள்ள 'த'வுக்கும் 'ட'வுக்கும் உள்ள வித்தியாசம் ஆங்கிலம் மட்டும் பேசும் பெரியவர்களுக்குக் காதில் பிடிபடாது. ஆனால் ஆங்கில வீட்டில் பிறந்த 6-8 மாதக் குழந்தைகள் அதைப் பிரித்து அறிந்தன. 10-12 மாதம் ஆவதற்குள், வீட்டில் அந்த ஒலி கேட்காததால், அந்தத் திறமை மங்கிவிட்டது. வாயில் ஒரு வார்த்தை வருவதற்கு முன்பே காது எந்த மொழிக்குத் தயாராக வேண்டும் என்று முடிவு செய்துகொள்கிறது. கைக்குழந்தையிடம் பேசி என்ன பயன் என்று நினைக்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

சரி, போன். இதில் நான் கண்டிப்பாகவே பேசுவேன். என் பையனுக்கு ரைம்ஸ் ராகம் முழுக்கத் தெரியும், வாயில் "ஏ-பி-சி" வரும், ஆனால் தாகம் எடுத்தால் தண்ணீர் கேட்கத் தெரியாமல் ஃபிரிட்ஜைத் தட்டி அழுவான். சியாட்டிலில் பட்ரிசியா குல் 2003-இல் செய்த சோதனை இதை எனக்கு விளக்கியது. 9 மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மாண்டரின் மொழியை 12 அமர்வுகளில் ஒரு மனிதர் நேரில் உட்கார்ந்து பேசி விளையாடினார். அந்தக் குழந்தைகள் மாண்டரின் ஒலிகளைப் பிரித்து அறியக் கற்றுக்கொண்டன. அதே ஆட்கள், அதே பேச்சு, டிவியில் காட்டியபோது எதுவும் ஏறவில்லை. 2010-இல் ஜூடி டிலோச் குழுவினர், வார்த்தை கற்றுத்தரும் என்று விற்கப்பட்ட ஒரு வீடியோவை 12-18 மாதக் குழந்தைகளுக்கு நான்கு வாரம் காட்டிப் பார்த்தார்கள். பார்த்த குழந்தைகள், பார்க்காத குழந்தைகளைவிட அதிகமாக எதுவும் கற்கவில்லை. வீடியோ இல்லாமல் பெற்றோரே அன்றாட வேலைகளுக்கு நடுவில் அந்த வார்த்தைகளைச் சொல்லிக்கொடுத்த பிள்ளைகள்தான் அதிகம் கற்றிருந்தன. உலக சுகாதார நிறுவனமும் 2019-இல், 2 வயதுக்குள் திரை வேண்டாம், 2 முதல் 4 வயதுக்கு ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று சொல்லியிருக்கிறது. நாங்கள் சாப்பாட்டு நேரத்துப் போனை ஒரு திங்கட்கிழமை நிறுத்தினோம். மூன்று நாள் தட்டு பறந்தது. நான்காவது நாள் ஜன்னலில் காக்காயைக் காட்டிச் சாப்பிட ஆரம்பித்தான்.

ஆனால் வீடியோ காலை நிறுத்தவில்லை, நிறுத்தவும் வேண்டாம். எதிரில் இருப்பவர் பிள்ளையைப் பார்த்து, அது செய்வதற்குப் பதில் சொன்னால் திரை வழியாகவும் கற்கிறது என்று 2014-இல் சாரா ரோஸ்பெரியும் மற்றவர்களும் 2 வயதுப் பிள்ளைகளிடம் சோதித்துக் காட்டினார்கள். தென்காசியிலிருந்து ஆச்சி தினமும் ஏழு மணிக்குக் கூப்பிடுவாள். "சோச்சி தின்னியாலே?" என்பாள், அவன் வாயைத் திறந்து காட்டுவான்.

இந்த 'சோச்சி'யில் எங்கள் வீட்டில் ஒரு பிரச்சினை வந்தது. சோறு என்று ஒழுங்காகச் சொல்லாமல் ஆச்சி சோச்சி என்கிறாள், அவ்வா புவ்வா என்கிறார், நான் மம்மு என்கிறேன், பிள்ளை எதைத்தான் கற்கும் என்று வீட்டுக்காரர் கேட்டார். நியாயமான கேள்வி மாதிரித்தான் தெரிந்தது. ஆனால் 2018-இல் எடின்பரோவில் மிட்சுஹிகோ ஓட்டா குழுவினர் 47 குழந்தைகளை 9 மாதத்திலிருந்து 21 மாதம் வரை கவனித்ததில், ஒரே அசை திரும்பி வரும் சொற்களையும் சுருக்கிக் கொஞ்சும் சொற்களையும் அதிகம் கேட்ட பிள்ளைகளுக்கு வார்த்தைகள் வேகமாகச் சேர்ந்தன. காக்கா, தாத்தா, மம்மு, சோச்சி எல்லாம் அந்தச் சாதிதான். பிள்ளையின் காதுக்கும் வாய்க்கும் பிடி கிடைக்கிற சொற்களை நம் ஆச்சிகள் எத்தனையோ காலமாகச் செய்து வைத்திருக்கிறார்கள். வீட்டுக்காரரும் இப்போது மம்மு என்றுதான் சொல்கிறார்.

நோட்டைத் திரும்பப் பார்க்கும்போது இன்னொன்று தெரிந்தது. நாங்கள் நூறு தடவை சொன்ன சில வார்த்தைகள் வரவே இல்லை, கொஞ்சமாகச் சொன்ன 'கேட்டு' (வாசல் கேட்) சீக்கிரம் வந்துவிட்டது. சாயங்காலம் அப்பா பைக் சத்தம் கேட்டதும் அவ்வா அவனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய் "கேட்டு, கேட்டு" என்பார். வேறு எப்போதும் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெப் ராய் தன் மகன் பிறந்ததிலிருந்து 3 வயது வரை வீடு முழுக்க கேமராவும் மைக்கும் வைத்து ஏறத்தாழ 90,000 மணி நேர வீடியோ எடுத்தார். அதிலிருந்து 2015-இல் வந்த முடிவு: ஒரு சொல் எத்தனை தடவை காதில் விழுந்தது என்பதைவிட, அது ஒரு குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் சொல்லப்பட்டதா என்பதுதான் அது எப்போது வாயில் வரும் என்பதை அதிகம் காட்டியது. அதனால் நாங்கள் சில வார்த்தைகளுக்கு இடம் கொடுத்தோம். லைட் போடும்போது மட்டும் "போடு", படி ஏறும்போது மட்டும் "ஏறு", குளிக்கும்போது சொம்பைத் தூக்கி நிறுத்திக் காத்திருந்து "ஊத்து". இவை மூன்றுமே ஒரு மாதத்துக்குள் வந்தன.

2 வயது 5 மாதத்தில் நோட்டு 50-ஐத் தாண்டியது. அதே வாரம் "அவ்வா தா" என்றான், என்னிடம். அவ்வாவைக் கூப்பிடு என்று கேட்கிறான். இரண்டு வார்த்தை. அதன்பின் எழுத முடியாத வேகம். அவன் ஒரு வார்த்தை சொன்னால் நாங்கள் ஒன்று சேர்த்துத் திருப்பிச் சொல்வோம், "பால்" என்றால் "சூடு பால்", "சூடு பால்" என்றால் "சூடு பால் வேணும்". அதற்கு மேல் ஏற்றவில்லை.

வேண்டாம், இல்லை, மாட்டேன், முடியாது, தெரியாது. தமிழில் ஒரு பிள்ளை 'இல்லை' என்று சொல்ல எத்தனை சொற்களைக் கற்க வேண்டியிருக்கிறது பாருங்கள். தமிழ்க் குழந்தைகள் மறுப்பைக் கற்கும் விதம் பற்றி ஆர். வைத்தியநாதன் 1991-இலேயே எழுதியிருக்கிறார். என் மகன் 'வத்து'வில் தொடங்கி, 'வேணாம்' வந்து, பிறகு 'மாட்டேன்' வந்தது. மாட்டேன் வந்த அன்று அவன் அப்பா வீட்டுக்கு ஜிலேபி வாங்கி வந்தார்.

3 வயதுக்குப் பக்கத்தில் "எடுச்சேன்", "படுச்சேன்" என்று சொல்ல ஆரம்பித்தான். எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. கடிச்சேன், குடிச்சேன், அடிச்சேன் என்று கேட்டுக்கேட்டு, அந்த வரிசையில் அவனே ஒரு விதி கண்டுபிடித்துப் பொருத்தியிருக்கிறான். 1958-இல் ஜீன் பெர்கோ, இல்லாத ஒரு பிராணியின் படத்தைக் காட்டி, அதற்கு ஒரு பொய்ப் பெயர் சொல்லி, குழந்தைகள் கேள்வியே படாத அந்தச் சொல்லையும் விதிப்படி பன்மை ஆக்குவதைக் காட்டினார். நம் பிள்ளைகள் வினையில் செய்வதும் அதே வேலை. இதைத் தப்பு என்று நிறுத்தித் திருத்த வேண்டாம். "ஆமா, நீதான் எடுத்தே" என்று சரியானதைச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடருங்கள், போதும்.

எப்போது காத்திருக்கக் கூடாது என்பதையும் எழுதிவிடுகிறேன். 12 மாதத்தில் மழலை ஒலிகளோ விரல் சுட்டுவதோ இல்லை, 16 மாதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை, 24 மாதத்தில் தானாக இரண்டு வார்த்தை சேர்க்கவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, இவற்றில் ஒன்று இருந்தாலும் போய்க் காட்டுங்கள். பேசிக்கொண்டிருந்த பிள்ளை எந்த வயதிலாவது வார்த்தைகளை இழந்தால் அடுத்த நாளே போங்கள். பணம் இல்லை என்று தள்ளிப்போட வேண்டாம். 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் மாவட்ட அளவில் அரசு மருத்துவமனைகளில் டி.இ.ஐ.சி. (குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளைச் சீக்கிரமே கண்டு உதவும் மாவட்ட மையம்) என்ற மையங்கள் இருக்கின்றன, காது, பேச்சு இரண்டையும் அங்கே பார்க்கிறார்கள். காது கேட்காத குழந்தைகளுக்கு காக்ளியர் இம்ப்ளாண்ட் (உள்காதில் பொருத்தும் கேட்கும் கருவி) அறுவை சிகிச்சை தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலேயே வருகிறது. எங்கள் பக்கத்தவர்களுக்கு மைசூரில் இருக்கும் அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனமும் எட்டும் தூரம்தான்.

பையனுக்கு இப்போது 3 வயது 7 மாதம். ர இன்னும் வரவில்லை, ரோடு என்பதை லோடு என்கிறான். நேற்று ஆச்சி வீடியோ காலில் அவனோடு கொஞ்சுவதற்காக, "லோட்டுல விளையாடப் போனியா?" என்று கேட்டாள். அவன் முகம் மாறிவிட்டது. போனைக் கையில் வாங்கி, வாய்க்குப் பக்கத்தில் வைத்து, மெதுவாக, தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுப்பது போல, "லோடு இல்ல ஆச்சி. லோடு" என்றான். ஆச்சி "ஓ, ரோடா?" என்றதும், "ஆமா, லோடு" என்று போனை என்னிடம் கொடுத்துவிட்டு விளையாடப் போய்விட்டான்.